கணவரின் பி.ஆர். விண்ணப்பமும் ஜார்ஜ்டவுனில் ஒரு மொழிபெயர்ப்புக் கடையும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இயங்கும் மொழிபெயர்ப்புக் கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. லெபோ குயினில் 1833ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் அந்தக் கடைக்குப் போய்விடலாம். திருமண ஆவணங்களை மொழிபெயர்ப்பது, வெளிநாட்டுத் துணை இங்கே தங்குவதற்கான நீண்டகால பாஸுக்கும், பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்பிடத் தகுதி விண்ணப்பத்துக்கும் கோப்பு தயாரித்துக் கொடுப்பது ஆகிய இரண்டும்தான் அங்கு நடக்கும் வேலை. கடையை நடத்தும் ஐயா, ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். அவருக்கு உதவியாக ஓர் இளம்பெண் தட்டச்சும் நகலெடுப்பும் பார்க்கிறார். வேறு ஆட்கள் கிடையாது. கடையின் பெயரை எழுத வேண்டாம், இரண்டு பேரால் இப்போது வருகிறவர்களையே சமாளிக்க முடியவில்லை என்று ஐயா கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்க்கிறேன். இப்படிப்பட்ட ஓர் இடத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பெயரில்லாமலேயே விளங்கும் என்று நம்புகிறேன்.

நான் பினாங்கில் பிறந்த மலேசியக் குடிமகள். என் கணவர் சிவகங்கை மாவட்டத்துக்காரர். 2016 தொடக்கத்தில் அவருடைய ஊர்க்கோயிலில் எங்கள் திருமணம் நடந்தது. அதே ஆண்டு இறுதியில் அவருக்கு முதல் நீண்டகால சமூக வருகை பாஸ் கிடைத்தது. அதன்பின் ஒவ்வொரு முறையும் பாஸ் முடியும் தேதிக்கு முன்னால், அவருக்குப் பொறுப்பேற்கும் மனைவி என்ற முறையில் நானும் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, இருவருமாகக் குடிநுழைவுத் துறையில் போய் நிற்கிறோம். பாஸுக்கான ஐ.எம். 12 விண்ணப்பப் பாரமும், பத்து வெள்ளி (ரிங்கிட்) முத்திரையிட்ட பிணைப் பத்திரமும், அடையாள அட்டை நகலும், திருமணச் சான்றிதழும் எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் நிரந்தரமாகக் கிடக்கும் பொருள்களாகிவிட்டன.

எங்களைப் போன்ற தம்பதிகளுக்கு இந்த விண்ணப்பம் ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மலேசியக் குடிமகனை மணந்த வெளிநாட்டுப் பெண், இங்கே இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, தொடர்ந்து வாழும் எண்ணமும் நன்னடத்தையும் உடையவராக இருந்தால், குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ள விண்ணப்பிப்பதற்குக் கூட்டரசு அரசமைப்பின் 15ஆவது பிரிவு ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. மலேசியக் குடிமகளை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு அப்படிப்பட்ட வழி எதுவும் அரசமைப்பில் இல்லை. எந்த வெளிநாட்டவரும் போகக்கூடிய 19ஆவது பிரிவின் பாதைதான் அவருக்கும் உண்டு. அதற்கோ பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் மொத்தம் பத்து ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும், போதிய மலாய் மொழி அறிவும் வேண்டும். ஆகவே என் கணவருக்கு எட்டக்கூடிய அடுத்த படி பி.ஆர். ஒன்றுதான். வாழ்க்கைத்துணை என்ற முறையில் அதற்கு விண்ணப்பிக்க, நீண்டகால பாஸில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இங்கே தங்கியிருக்க வேண்டும் என்பது நாங்கள் விண்ணப்பித்தபோது இருந்த நிபந்தனை. பி.ஆர். கிடைத்தால் சிவப்பு அடையாள அட்டை கைக்கு வரும். வேலைக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஊழியர் சேமநிதியில் குடிமக்களுக்கு உரிய விகிதத்திலேயே பணம் சேரும். வாக்குரிமை மட்டும் கிடையாது. குடிமக்களின் நீல அட்டைக்கும் சிவப்பு அட்டைக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். ஆனால் பாஸில் அச்சடித்த ஒரு தேதியைப் பார்த்துப் பார்த்துக் குடும்பம் நடத்துவதற்கும் சிவப்பு அட்டைக்கும் உள்ள தூரம் அதைவிடப் பெரியது என்பதும் தெரியும்.

இந்தக் கடைக்கு நாங்கள் நேராக வந்து சேரவில்லை. 2022இல் கோலாலம்பூரில் ஒரு முகவரிடம் போனோம். குளிரூட்டிய அலுவலகம், கண்ணாடி மேசை, சுவரில் கொடி என்று எல்லாம் இருந்தது. எட்டாயிரம் வெள்ளி கொடுத்தால் ஆறு மாதத்தில் பி.ஆர். உறுதி என்றார்கள். எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று என் கணவர் கேட்டதற்கு, உள்ளே ஆள் இருக்கிறது என்று பதில் வந்தது. அன்று பதற்றத்தில் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டோம். அடுத்த சந்திப்பில், எதுவும் நிரப்பாத பாரங்களின் அடியில் என்னைக் கையெழுத்திடச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டு எழுந்து வந்தேன், முன்பணம் திரும்பவில்லை. நிரந்தர வசிப்பிடத் தகுதி என்பது அதிகாரிகள் பரிசீலித்து முடிவெடுக்கும் விஷயம். அதை உறுதியாக வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் பொய் சொல்கிறார், அல்லது கையூட்டுக்கு நம்மையும் கூட்டாளியாக்குகிறார். மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் வாங்குகிறவரைப் போலவே கொடுக்கிறவரையும் குற்றவாளியாக்குகிறது. என் கணவரின் பாஸ், எங்கள் மகளின் அப்பா அவள் கண்முன் இருப்பது, எல்லாமே அந்த ஒரு கையெழுத்தில் போயிருக்கலாம் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்கு நடுக்கம் வருகிறது.

ஜார்ஜ்டவுன் கடைக்கு நாங்கள் முதலில் போன நாளில், ஐயா எங்களிடம் பணத்தைப் பற்றியோ கால அளவைப் பற்றியோ ஒன்றும் பேசவில்லை. கொண்டுபோன ஆவணங்கள் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பச் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளில் கோடு போட்டு, ஒவ்வோர் ஆவணத்திலும் என் கணவரின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை எழுத்து எழுத்தாக எழுத ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் அது ஒன்றுதான் நடந்தது. முடித்தபோது அந்தத் தாளில் ஒரே மனிதருக்கு ஐந்து பெயர்கள் இருந்தன.

தமிழர்களின் பெயரைக் கொண்டு இந்த நாட்டில் ஒரு கோப்பைத் தயாரிப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் அந்தத் தாளில் இருந்தது. தமிழ்நாட்டில் அவருக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை. அப்பாவின் பெயரின் முதல் எழுத்து தலைப்பெழுத்தாக முன்னால் நிற்கும். பள்ளி மாற்றுச் சான்றிதழில் அந்த ஓரெழுத்து மட்டும் இருக்கிறது. முதல் கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்து, அப்பாவின் முழுப்பெயரையும் அவருடைய பெயரோடு சேர்த்து ஒரே கட்டத்தில் போட்டு, குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். இரண்டாவது கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போய்விட்டது. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லை. அந்தக் காலத்தில் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிட்டு, பிறகு பெயரைச் சேர்க்காமல் விட்ட குடும்பங்கள் ஏராளம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருடைய பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. ஊரில் அதற்கு இசட், எச் என்று இரண்டு ஆங்கில எழுத்துகளைப் போடுகிறார்கள். இங்கே மலேசியாவில் நம் பெயர்களில் ழகரத்தைப் பெரும்பாலும் எல் என்ற ஒற்றை எழுத்தால் எழுதி வந்திருக்கிறோம். எங்கள் மகளின் பிறப்புப் பதிவுக்கான விவரங்களை எழுதிக் கொடுத்தபோது, பழக்கத்தில் நான் எல் போட்டுவிட்டேன். அது அப்படியே பதிவாகிவிட்டது. கடவுச்சீட்டில் உள்ள அப்பாவும் பிறப்புச் சான்றிதழில் உள்ள அப்பாவும் தாளின்படி இரண்டு பேராகிவிட்டார்கள்.

என் பக்கத்தில் சிக்கல் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. என் அடையாள அட்டையில் என் பெயருக்கும் அப்பாவின் பெயருக்கும் நடுவே மகள் என்பதைக் குறிக்கும் ஏ/பி இருக்கிறது. தமிழ்நாட்டுத் திருமணச் சான்றிதழை எழுதியவர் அந்த ஏ, பி இரண்டையும் என் தலைப்பெழுத்துகள் என்று எடுத்துக்கொண்டு பெயருக்கு முன்னால் போட்டுவிட்டார். ஆறு ஆண்டுகளாக அந்தச் சான்றிதழைக் கையில் வைத்திருந்தும் நான் அதைக் கவனித்ததே இல்லை.

இத்தனையையும் பார்த்துவிட்டு, எல்லாப் பெயர்களையும் மாற்றி ஒன்றாக்கிவிடலாமா என்று நான் கேட்டேன். ஐயா சொன்னதை அப்படியே தருகிறேன்: “பேர ஒண்ணாக்கறது நம்ம வேலை இல்லம்மா. இந்த அஞ்சு பேரும் ஒரே ஆளுன்னு காட்டறதுதான் வேலை.” திருத்த முடிந்ததைத் திருத்த வேண்டும், திருத்த முடியாததை ஒளிக்காமல் விளக்க வேண்டும் என்பது அவருடைய முறை. பிறப்புச் சான்றிதழில் பெயரைச் சேர்க்க ஊரில் உள்ள உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார். என் மாமியார் மூன்று முறை அலைந்து அதை முடித்துக் கொடுத்தார். மகளின் பிறப்புச் சான்றிதழைப் பற்றித் தேசியப் பதிவுத் துறையில் நேரில் போய்க் கேட்கச் சொன்னார். மீதி வேறுபாடுகளுக்கு, எந்த ஆவணத்தில் எந்த வடிவம் இருக்கிறது, அது ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் பட்டியலிட்டு, 1960ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டத்தின்கீழ் ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்துக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு போய்ச் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிமொழி எடுத்தோம். தமிழ்ப் பெயர்களில் குடும்பப்பெயர் கிடையாது, தலைப்பெழுத்து என்பது தந்தை பெயரின் சுருக்கம் என்ற விளக்கத்தை அவர் மலாயில் நான்கே வரிகளில் எழுதியிருந்த விதம், பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் சாட்சிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரால் மட்டுமே எழுதக்கூடியது. தமிழும் மலாயும் தெரிந்தவர்கள் பினாங்கில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நம் பெயரிடும் முறையை ஓர் அதிகாரிக்குக் குழப்பம் இல்லாமல் புரியவைக்கத் தெரிந்தவர்கள் அவர்களில் மிகச் சிலரே.

திருமண ஆவணத்தைப் பொறுத்தவரை நாங்கள் ஓரளவு தப்பித்திருந்தோம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருமணத்தைத் தொண்ணூறு நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அங்கேயே சார்பதிவாளரிடம் பதிந்துவிட்டோம். முஸ்லிம் அல்லாத மலேசியர்கள் வெளிநாட்டில் செய்துகொண்ட திருமணத்தை ஆறு மாதத்துக்குள் இங்கும் பதிய வேண்டும் என்று 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் சொல்வதால் அதையும் காலத்தோடு முடித்திருந்தோம். ஆனால் பிற ஆவணங்களுக்குச் சான்றொப்பம் வாங்குவதில் ஒரு பெரிய தவறு செய்ய இருந்தோம். இந்தியாவில் அப்போஸ்டில் முத்திரை குத்தினால் எல்லா நாட்டிலும் செல்லும் என்று ஊரில் ஒருவர் சொல்லியிருந்தார். அந்த முத்திரையை ஏற்றுக்கொள்ளும் நாடுகளின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005இலேயே சேர்ந்துவிட்டது என்பது உண்மைதான், ஆனால் மலேசியா அதில் சேரவில்லை. ஆகவே மாநில அரசின் சான்றொப்பம், இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம், கடைசியாகச் சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தின் சான்றொப்பம் என்ற வரிசையில்தான் போக வேண்டும் என்று ஐயா எழுதியே கொடுத்தார். இந்த ஒரு சீட்டு எங்களுக்கு மிச்சப்படுத்திய விமானக் கட்டணம், அவருக்கு நாங்கள் கொடுத்த மொத்தக் கூலியைவிட அதிகம்.

மொழிபெயர்ப்பில் அவர் காட்டிய நேர்மையையும் சொல்ல வேண்டும். கோயில் கொடுத்த திருமணச் சான்றும், சார்பதிவாளர் அலுவலகக் குறிப்புகளும் தமிழில் கையால் எழுதப்பட்டவை. அவற்றை அவரே மொழிபெயர்த்துப் பணம் வாங்கியிருக்கலாம். ஆனால் முதன்மை ஆவணங்களை மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகத்துக்கு அனுப்பிச் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாக வாங்குவதே பாதுகாப்பு என்று சொல்லி, கோலாலம்பூர் வங்சா மாஜுவில் உள்ள அந்தக் கழகத்துக்கு எங்களைத் திருப்பிவிட்டார். 1993இல் தேசிய மொழிபெயர்ப்புக் கழகமாகத் தொடங்கி 2011இல் இப்போதைய பெயருக்கு மாறிய அரசு நிறுவனம் அது. அங்கிருந்து மொழிபெயர்ப்பு வந்தபின், அதில் இருந்த பெயர்களையும் தன் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கோப்பில் சேர்த்தார். மாமனாரின் மருத்துவமனைக் குறிப்பு, ஊராட்சிக் கடிதம் போன்ற துணை ஆவணங்களை மட்டும் தன் கையால் மொழிபெயர்த்தார்.

மாமனாரின் மருத்துவமனைக் குறிப்பு ஏன் கோப்புக்குள் வந்தது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் விண்ணப்பத்தின் பலவீனமான இடம் அது. 2020 மார்ச் முதல் வாரத்தில், மாமனார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்ற செய்தி கேட்டு என் கணவர் ஊருக்குப் போனார். மார்ச் 18ஆம் தேதி இங்கே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சில நாள்களில் இந்தியாவும் பன்னாட்டு விமானங்களை நிறுத்தியது. செப்டம்பர் 7 முதல், நீண்டகால பாஸ் வைத்திருந்தாலும் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மலேசியா நுழைவைத் தடுத்தது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு, அனுமதி வாங்கி, 2021 ஜனவரியில்தான் அவரால் வீட்டுக்கு வர முடிந்தது. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் என்ற நிபந்தனைக்கு நடுவில் பத்து மாதம் ஓட்டை விழுந்துவிட்டது. கோலாலம்பூர் முகவர் அந்தப் பத்து மாதத்தைப் பற்றி எங்கும் வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார்.

ஐயா அதற்கு நேர்மாறாகச் சொன்னார். கடவுச்சீட்டில் உள்ள முத்திரைகள் வாயைத் திறக்கும், நாம் திறக்காவிட்டால் அது மறைத்ததாகிவிடும் என்றார். பழைய கடவுச்சீட்டு, புதிய கடவுச்சீட்டு இரண்டிலும் உள்ள எல்லா நுழைவு, வெளியேற்ற முத்திரைகளையும் தேதி வரிசையில் ஒரு பட்டியலாக்கினார். பத்து மாத இடைவெளி கணக்கை முறிக்குமா முறிக்காதா என்பதைத் தன்னால் சொல்ல முடியாது, அதைச் சொல்லும் அதிகாரம் உள்ளவர்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று எங்களைக் குடிநுழைவுத் துறைக் கவுண்டருக்கு அனுப்பினார். அங்கே ஓர் அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, காரணத்தை எழுதி ஆதாரத்தோடு இணைத்து விண்ணப்பியுங்கள் என்றார். அதன்பிறகுதான் மருத்துவமனைக் குறிப்பும், இறப்புச் சான்றிதழும், ரத்தான விமானச் சீட்டும் கோப்புக்குள் வந்தன. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாத ஒருவரிடம் வேலையைக் கொடுத்திருக்கிறோம் என்ற நிம்மதி அன்றைக்குத்தான் எனக்கு வந்தது.

திருமண வாழ்க்கைக்கான ஆதாரம் என்று நான் இருநூறு படங்கள் கொண்ட ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் ஆறு படங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். வெவ்வேறு ஆண்டுகள், வெவ்வேறு இடங்கள், இரு குடும்பத்தாரும் இருக்கும் படங்கள். மீதிக்குப் பதிலாக வாடகை ஒப்பந்தம், இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கு, ஆண்டுக்கு இரண்டு என்ற கணக்கில் தண்ணீர், மின்சார ரசீதுகள், மகளின் தடுப்பூசிப் புத்தகத்தில் அப்பா கையெழுத்திட்ட பக்கம் ஆகியவற்றைக் கேட்டார். அந்தக் கடைசி ஆதாரம் எனக்குத் தோன்றியே இருக்காது.

என் ஆதரவுக் கடிதத்தை அவர் எழுதித் தர மறுத்துவிட்டார். எழுதித் தருவதற்கென்றே ஒரு மாதிரிக் கடிதம் வைத்திருக்கும் கடைகள் உண்டு. உங்கள் வீட்டுக் கதையை நான் எழுதினால் அது எல்லார் வீட்டுக் கதையாகவும் இருக்கும் என்று சொல்லி, என்னையே மலாயில் எழுதவைத்து, இலக்கணத்தை மட்டும் திருத்திக் கொடுத்தார். என் கணவரிடம் போகும்போதெல்லாம் பத்து நிமிடம் மலாயில் பேசினார். நேர்காணலில் மனைவி பதில் சொல்லக் கணவர் தலையாட்டிக்கொண்டிருப்பது நன்றாக இருக்காது என்பது அவர் கருத்து. முதலில் சங்கடப்பட்ட என் கணவர், இப்போது சந்தையில் மீன் விலையை மலாயில்தான் பேசுகிறார்.

குறைகளும் உண்டு. முதலாவது, தனிமை இல்லை. மேசைக்கும் காத்திருக்கும் நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு புத்தக அலமாரிதான் மறைப்பு. எங்களுக்குக் குழந்தை தாமதமானதைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அலமாரிக்கு அந்தப் பக்கம் ஓர் இந்தோனேசியப் பெண்ணும் அவருடைய கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம், அடுத்தவருக்கு அது வாய்க்காது. மற்றொரு குடும்பத்தின் கடவுச்சீட்டு நகல் மேசைமேல் திறந்து கிடந்ததையும் ஒரு நாள் பார்த்தேன். சொன்னவுடன் எடுத்து உள்ளே வைத்தார்கள், அடுத்த முறை போனபோது பூட்டுப்போட்ட இழுப்பறை ஒன்று வந்திருந்தது. ஆனாலும் பிறருடைய ஆவணங்களை வைத்துத் தொழில் செய்யும் இடத்தில் வாடிக்கையாளர் சொல்லி அது வந்திருக்கக் கூடாது.

இரண்டாவது, ஒரு தட்டச்சுப் பிழை. பிரமாணப் பத்திரத்தில் என் கணவரின் பிறந்த நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. பெயரை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர்கள் தேதியைக் கோட்டைவிட்டார்கள், நாங்களும் உறுதிமொழி எடுத்த பிறகுதான் கண்டுபிடித்தோம். புதிதாகத் தயாரித்து, ஆணையருக்கான கட்டணத்தையும் அவர்களே கொடுத்து, மறுபடியும் உறுதிமொழி எடுக்கவைத்தார்கள். பொறுப்பேற்றது சரிதான். ஆனால் நான் அதற்காக எடுத்த அரைநாள் விடுப்பு திரும்ப வராது. எதிலும் கையெழுத்திடுவதற்கு முன், விரலை வைத்து ஒவ்வொரு வரியாக நீங்களே படியுங்கள்.

மூன்றாவது, வேகம். முதல் சந்திப்பிலிருந்து கோப்பு கைக்கு வர ஏறத்தாழ ஐந்து மாதம் ஆயிற்று. அதில் பாதிக்கு மேல் ஊரிலிருந்து ஆவணம் வரக் காத்திருந்த காலம் என்றாலும், நாமே நினைவுபடுத்தாவிட்டால் அங்கிருந்து அழைப்பு வராது. படி செங்குத்தானது, முதியவர்களை அழைத்துப் போவது கடினம்.

கட்டணம் வெளிப்படையானது. கோப்புத் தயாரிப்புக்கு அறுநூறு வெள்ளி, துணை ஆவண மொழிபெயர்ப்புக்குப் பக்கத்துக்கு அறுபது வெள்ளி வீதம் ஐந்து பக்கங்களுக்கு முந்நூறு, ஆக மொத்தம் தொள்ளாயிரம் கொடுத்தோம். அரசுக் கட்டணங்களையும் கழகத்தின் மொழிபெயர்ப்புக் கட்டணத்தையும் நாங்களே அந்தந்த இடத்தில் கட்டினோம். ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு. பி.ஆர். கிடைத்தால் கூடுதலாக இவ்வளவு என்ற பேச்சே இல்லை. விண்ணப்பத்தைக் கொடுக்க அவர் எங்களோடு வரவுமில்லை. கணவனும் மனைவியும் நேரில் போய்க் கொடுக்க வேண்டிய விண்ணப்பத்துக்கு இடையில் ஒருவர் எதற்கு என்பது அவர் நிலைப்பாடு, அது சரியான நிலைப்பாடு. சட்டச் சிக்கல் உள்ளவர்களை, அதாவது பாஸ் காலாவதியாகித் தங்கிவிட்டவர்களையும் முந்தைய திருமணத்தின் மணவிலக்கு முடியாதவர்களையும், அவர் வழக்கறிஞரிடம் அனுப்பிவிடுகிறார். அப்படி இருவரை அனுப்பியதை நானே பார்த்தேன்.

ஆவணங்கள் எல்லாம் ஒரே பெயரில், ஒரே எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கும் தம்பதிக்கு இந்தக் கடை தேவையில்லை. குடிநுழைவுத் துறை கேட்கும் ஆவணங்களைத் திரட்டி நீங்களே அடுக்கிக் கொடுத்துவிடலாம். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த துணைக்காகப் பல எழுத்துக்கூட்டல்களோடு போராடுகிறவர்களுக்கு அந்த முக்கால் மணி நேரப் பெயர்த் தாள் ஒன்றுக்காகவே போகலாம் என்பேன்.

2023 நடுப்பகுதியில் விண்ணப்பத்தைக் கொடுத்தோம். நேர்காணல் முடிந்துவிட்டது, இதை எழுதும்போது முடிவு இன்னும் வரவில்லை. முடிவு வரும்வரை பாஸைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். போன முறை கவுண்டரில் இருந்த அதிகாரி 2017ஆம் ஆண்டுப் பாஸின் நகலைக் கேட்டார். முன்பெல்லாம் அப்படிக் கேட்டால் நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் பிஸ்கட் டின்னைக் கவிழ்ப்போம். இந்த முறை என் கணவர் கோப்பின் நான்காவது பிரிப்பானைத் திறந்து, அந்தத் தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு, வேறு ஏதும் வேண்டுமா என்று மலாயில் கேட்டார்.